திரும்பிட்டார்

தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி நழுவிக்கொண்டே இருந்தது. பாதேஷ் அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

"இறுக்கிக் கட்டுடி. இனிமே அவனுக்கு என்ன வலி," என்றாள் நாத்தனார் ரைகுல். செத்துக் கிடப்பது பாதேஷின் புருஷன், ரைகுலின் கூடப்பிறந்த தம்பி சைலாவ்.

யுரேனியச் சுரங்கத்தை மூடினதிலிருந்து எங்கள் ஊரைப் பிடித்த சனியன் இந்தத் தூக்கம். சந்தையில் உருளைக்கிழங்கு நிறுக்கிறவள் தராசு மேலேயே சாய்வாள். நாள் கணக்கில் எழுந்திருக்க மாட்டாள். யாரும் பதறமாட்டோம். உலுக்கி எழுப்பினால் புத்தி பேதலித்துவிடும் என்று ஒரு பயம். கம்பளியைப் போர்த்திவிட்டு, அவள் மாட்டைக் கறந்து வைப்போம். டாக்டர்கள் வந்து ரத்தம் எடுத்தார்கள், காற்றைக்கூட பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

சைலாவ் முன்பே இப்படித் தூங்கி எழுந்தவன். அதனால் இந்தத் தரம் அவன் சமையலறை மேஜையில் தலை சாய்த்தபோது பாதேஷ் கலங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மேஜை அழுத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாள். கோஸ்தனாய் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் எர்போல் போனில் கெஞ்சினான், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று. அதெல்லாம் தானா திரும்புவார், நீ உன் வேலையைப் பார் என்று அதட்டியது அவள்தான்.

இன்று காலை வந்த டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தாள். இது அந்தத் தூக்கமே இல்லை, பக்கவாதம், அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகனுக்குச் சொல்லியாக வேண்டும். ரைகுல் போனை வாங்கக் கை நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. வராதேன்னு சொன்ன வாய்தானே, இதையும் அதுவே சொல்லட்டும்."

கஜாக் வீட்டில் செத்துப்போனார் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திரும்பிட்டார் என்போம், வந்த இடத்துக்கே.

"எர்போல், அப்பா திரும்பிட்டார்ப்பா."

மறுமுனையில் அவன் சிரித்தான். தூங்கி எழுந்தவனுக்கும் எங்கள் ஊரில் அதே பாழாய்ப்போன சொல்தான்.

"அப்பாடா. நான்தான் வீணா பயந்து செத்தேன்மா. நீ சொன்னதுதான் சரி. போனை அவர் காதுல வை."

பாதேஷ் போனைக் கொண்டுபோய் சைலாவின் காதில் வைத்தாள்.

"என்னப்பா, கரடி எழுந்தாச்சா? அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா? ஞாயித்துக்கிழமை வரேன், சேர்ந்து மீன் பிடிக்கப் போலாம்."

குளிப்பாட்ட வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ரைகுல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா?"

தாடைத் துணி மறுபடி நழுவியது. பாதேஷ் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எந்தத் திரும்பல்மா?"

பாதேஷ் போனை அங்கிருந்து எடுக்கவில்லை. அம்மா, அம்மா என்று அந்தச் சின்னக் குரல் சைலாவின் காதுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.