நீலின் ஆயிரத்து நானூறு வரிகள்

லிங்கராஜபுரத்து வீட்டில், துணி பீரோவுக்கு மேலே மூன்று பழைய கணினிகளை அடுக்கி, ஒரே சர்வர் போல ஓடவைத்து, அதற்குக் குபர்னெட்டிஸ் கிளஸ்டர் என்று பெருமையாகப் பெயர் சொன்னவன் நீல். மௌரீனின் ஒரே தம்பி. தான் எழுதிய நிரலை ஊரான் சர்வரில் வைக்க அவனுக்கு மனசு வராது. நிரலையும் அதில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் சர்வீஸ் ஒன்றைச் சொந்தமாக அதில் ஓடவிட்டிருந்தான். பிப்ரவரியில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

நிரலில் எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதுதான் கமிட். மற்றவர்கள் கடனே என்று எழுதுவார்கள். இவனோ வாயாடி. 'அம்மா மீன் குழம்பு வச்சுட்டா, மிச்சம் நாளைக்கு.' 'அக்கா சொன்னதுதான் சரி. அவகிட்ட சொல்லிடாதீங்க.' இப்படி ஆயிரத்து நானூறு வரிகள். வைட்ஃபீல்ட் போகும் ஆபீஸ் பஸ்ஸில் தினம் பத்து வரி படிப்பாள் மௌரீன். அவன் பேச்சைக் கேட்க அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை சர்வீஸ் எழவில்லை. ஆபீஸிலும் நின்றுபோன சர்வீஸ்களை எழுப்புவதுதான் அவளுக்குப் பிழைப்பு. பழகிய கை, யோசிக்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவியது. ஆபீஸில் சர்வீஸை அழித்தாலும் எல்லாம் சேமித்திருக்கும் டிஸ்க் அழியாது. அப்படி அமைத்து வைத்திருப்பார்கள். சோம்பேறி நீல் அந்த அமைப்பைத் தொடவே இல்லை. சர்வீஸோடு டிஸ்க்கும் போயிற்று.

புதுப் பக்கம் பளிச்சென்று திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இன்னொரு தரம் அவனைப் புதைத்துவிட்டோமே என்று தோன்றியது அவளுக்கு.

எங்காவது ஒரு நகல் இருந்தால் போதும், பழைய வரிகள் எல்லாம் அதில் இருக்கும். நீலின் லேப்டாப் அவன் வேலை பார்த்த கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது. சந்தாபுராவில் இருக்கும் அவன் சிநேகிதன் உமேஷைக் கூப்பிட்டாள்.

"நீலோட புராஜெக்ட் காப்பி உங்கிட்ட இருக்காப்பா?"

"இருக்குதுக்கா! ஜனவரிலதான் அவன் சர்வர்லேந்து காப்பி எடுத்தேன். ஒரு நிமிஷம் இருங்க." அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. "சாரிக்கா. நெட் ரொம்ப ஸ்லோன்னு கடைசி கமிட் மட்டும் போதும்னு எடுத்துட்டேன். பழசு எதுவும் இல்ல."

"அந்த ஒண்ணையாவது படி."

"வேணாம்க்கா."

"படி, உமேஷ்."

உமேஷ் படித்தான். "'நாளைக்குக் கண்டிப்பா பேக்கப் போடணும். இல்லேன்னா ஒருநாள் எல்லாம் போயிடும், அக்கா உக்காந்து அழுவா.'"

மௌரீன் பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள்.