ஆறாவது பல்

நாலு மணிக்கு சாம்பிளைப் பார்க்க கம்பெனி இன்ஸ்பெக்டர் வருவார். இப்போதே இரண்டே முக்கால். ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த சுபாஷிணி, டெல்லி ஓக்லாவில் கணவனின் பட்டறை ஷெட்டில் ஒரு ஸ்டூலின்மேல், திறக்காத டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மில்லிங் மெஷின் நின்றது. சுந்தரேஷ் எஃகுத் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவன் தோள் தொங்கியதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

கண்ணாடி மாதிரி வர வேண்டிய பரப்பில், ஈரத்தலையைச் சீப்பால் வாரினது போலக் கோடுகள். ஃபரீதாபாத் கம்பெனி இந்த சாம்பிளை ஏற்றுக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டால், அவன் சட்டைப்பையில் இருக்கும் மஸ்கட் வேலைக் கடிதத்துக்கு நாளைக்குச் சம்மதம் எழுதியாக வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம். மனைவியைக் கூட்டிப்போக முடியாது. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

"ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்."

"வெங்காய சாம்பாரா?"

"டெல்லியில வெங்காயம் விக்கற விலைக்கு அது வேறயா? தயிர் சாதம்."

அவன் சிரிக்கவில்லை. "தகடு நகர்ற ஃபீடைக் குறைச்சுப் பார்த்தாச்சு. வேகத்தைக் கூட்டியாச்சு. வெட்டற டிப்பெல்லாம் ரெண்டு தடவை புதுசா மாத்தியாச்சு. போன வாரம் வரைக்கும் வழவழன்னு வந்துதே, சுபா! சரஸ்வதி பூஜைக்கு அப்புறம்தான் இப்படி."

சுபாஷிணி தகட்டை வாங்கி நகத்தால் வருடினாள். கிர், கிர், கிர் என்று ஒரே இடைவெளியில் தட்டியது.

"இது ஏன் இப்படி அளந்து வெச்ச மாதிரி வருது?"

"கட்டர்ல ஆறு பல்லு, ஒவ்வொண்ணும் ஒரு டிப். ஆறும் ஒரே மட்டத்துல உட்கார்ந்து உரசணும். ஏதோ ஒண்ணு மட்டும் துருத்திண்டு உழுதுண்டு போறது. புது டிப், எப்படித் துருத்தும்?"

ஒண்ணு மட்டும்.

பூஜையன்று டிப்புகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று அவன் கட்டரை அவளிடம் கொடுத்திருந்தான். டிப் உட்காரும் ஆறு குழியிலும் அவள் சந்தனம் வைத்தாள். கடைசிக் குழிக்கு வரும்போது, 'இவரை மஸ்கட்டுக்கு அனுப்பிடாதேம்மா' என்று வேண்டிக்கொண்டு, கூடக் கொஞ்சம் அப்பினாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மணி மூன்றாகிவிட்டது.

"அந்தக் குழியையெல்லாம் துடைச்சேளா?"

"துணியால துடைச்சேனே. ஏன்?"

"நான் உள்ளேயும் சந்தனம் வெச்சேன். ஒண்ணுல நிறைய."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ மெஷினுக்கு ஓடி, கட்டரைக் கழற்றினான். ஆறாவது குழியின் மூலையில், எண்ணெயில் ஊறி இரும்பு நிறமாகவே மாறிப்போய், காகிதக் கனத்துக்கு ஒரு பொருக்கு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்தது. அந்த எண்ணெய் நாற்றத்திலும் லேசாகச் சந்தனம் மணத்தது.

டிப்பை மாட்டி, புதுத் தகட்டை இறுக்கி, மெஷினைப் போட்டான். கரகரவென்ற பழைய சத்தம் இல்லை; ஒரே சீரான ரீங்காரம். தகட்டின் முனை வரும்வரை சுபாஷிணி மூச்சு விட்டதாக நினைவில்லை.

இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் கொண்டுவந்திருந்த மாதிரித் தகட்டோடு ஒட்டிவைத்து, இரண்டின்மேலும் நகத்தை ஓட்டினார். அந்த நகம் எங்கேயாவது தட்டுகிறதா என்று அவள் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சா ஹை," என்று தலையாட்டி, ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சுந்தரேஷ் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தை அள்ளினான். வாய் நிறையச் சாதத்தோடு சொன்னான்:

"அடுத்த வருஷம் பூஜைக்குச் சந்தனத்தை மெஷின் நெத்தியில மட்டும் வை, தாயே!"

அவள் காதில் 'அடுத்த வருஷம்' என்பது மட்டும்தான் விழுந்தது.