முக்கால் வட்டம்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் முந்நூற்று நாற்பது இரும்புப் பிராக்கெட்டுகளில் தப்பான துளையைப் போட்டுத் தள்ளினார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. போர்டில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். போர்டில் எழுதியிருந்ததுதான் வேலைத் திட்டமே இல்லை. அது ஒரு புதிரின் விடை.

எழுதியவன் மந்தார் ஜகதாளே. சாக்கன் தொழிற்பேட்டையில் கார்களுக்கு இரும்புப் பாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்ட் இன்ஜினியர். நாலு வருஷமாக அந்த வேலை. அதில் மூன்று வருஷமாகக் கூடவே இன்னொரு வேலை: பெரிய மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது. முதல் தடவை எண்பத்தொரு பர்சென்டைல், இரண்டாம் தடவை எண்பத்தெட்டு. இது மூன்றாவது. இதிலும் தவறினால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவதாகத் தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தான். முந்தைய இரண்டு தடவையும் செய்த அதே சத்தியம்தான். ஆனால் இந்த முறை அவனுக்கே அது உண்மையாகப் பட்டது, அதுதான் பயம்.

கோச்சிங் வகுப்பு வாத்தியார், "கண்ணெதிரே இருப்பதை வைத்தே புதிர் போட்டுப் பழகுங்கள்" என்று சொல்லியிருந்தார். மந்தாருக்குக் கண்ணெதிரே இருந்தவை நான்கு பிரஸ் மெஷின்கள். ஷிஃப்ட் முடியப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது போர்டைத் துடைத்தான். எந்தப் பிரஸ்ஸில் எந்த அச்சு (டை), எத்தனை எண்ணிக்கை என்று நிபந்தனைகள் போட்டுப் பன்னிரண்டே நிமிஷத்தில் கட்டத்தை நிரப்பினான். அற்புதமான விடை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்தபோது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டான்.

பெரிய துளை போட வேண்டிய தகட்டில் சின்னத் துளை விழுந்தது அப்படித்தான்.

புதன்கிழமை காலை மேனேஜர் கான்வில்கர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. பிராக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, துளை வழியாக மந்தாரைப் பார்த்தார்.

"அழகா இருக்கு. யாருக்கு வேணும் இது?"

"டிரில்ல போட்டுத் துளையைப் பெரிசாக்கிடலாம் சார்."

"ஆக்கலாம். டிரில் மெஷின் எப்ப காலி?"

மந்தாருக்குத் தெரியும். சனிக்கிழமை வரை அது வேறு ஆர்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. வியாழன் பேட்டைக்கே விடுமுறை, மின்சாரம் இருக்காது. பேட்டையில் வியாழன்தான் ஞாயிறு, ஞாயிறு வெறும் வேலை நாள். லாரி ஞாயிறு சாயங்காலம் வரும்.

"ஞாயித்துக்கிழமை காலைல சார்," என்றான். ஞாயிறு காலை எட்டரைக்கு அவனுக்குப் பரீட்சை.

"சரி. மறு வேலை பார்த்த பீஸ் ஒவ்வொண்ணையும் சோதிச்சுக் கையெழுத்துப் போட, திறமைப் பலகையில முழு வட்டம் உள்ள ஆள் வேணும். முதல் ஷிஃப்ட்ல அது நீ மட்டும்தான்."

"சார், ஞாயித்துக்கிழமை லீவு ஆகஸ்ட்லயே கேட்டிருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பார்ப்போம்னு சொன்னீங்க."

"பார்ப்போம்," என்றார் கான்வில்கர்.

அவர் முடியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சரி என்று சொல்லியும் கேட்டதில்லை. மந்தார் எச்.ஆரிடம் ஓடினான். "உங்க மேனேஜர் சொன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்கள். வீட்டுக்குப் போன் போட்டான். சாதாராவில் அம்மா, "எல்லாம் நல்லதுக்குத்தாண்டா" என்றாள். எது எல்லாம், எந்த நல்லது என்று அவளும் சொல்லவில்லை.

டீ நேரத்தில் வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து, சுவரில் மாட்டியிருந்த திறமைப் பலகையை முறைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு எதிரே வட்டங்கள். கால் பாகம் கறுப்பு என்றால் பழகுகிறார். முழுக் கறுப்பு என்றால் தனியாகச் செய்து கையெழுத்துப் போடலாம். அடுத்த படிச் சம்பளமும் உண்டு. சோதனை வேலை என்ற பத்தியில், மூன்றாம் பிரஸ் ஓட்டும் ஷாலன் அக்காவுக்கு முக்கால் வட்டம். மீதிக் கால் பாகம் வெள்ளையாகவே இருந்தது, ஹோலியிலிருந்து.

அதை நிரப்ப ஒரு சின்னத் தேர்வு வைக்க வேண்டும். வைக்க வேண்டியவன் ஷிஃப்ட் இன்ஜினியர். ஷாலன் மூன்று தடவை வந்து கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் மடியில் மாதிரித் தேர்வுத் தாளை வைத்துக்கொண்டு நிமிராமல், "பார்ப்போம் அக்கா" என்று சொன்னது அவனுக்கு இப்போது நன்றாகவே ஞாபகம் வந்தது. கான்வில்கரின் குரலிலேயே ஞாபகம் வந்தது.

மூன்றாம் பிரஸ்ஸுக்குப் போனான். "அக்கா, இன்னிக்கு உங்க தேர்வை வெச்சிடலாமா?"

ஷாலன் கையுறையைக் கழற்றாமலே திரும்பினாள். இருபது வருஷமாக இரும்போடு பேசிப் பழகிய குரல். "மழை எந்தப் பக்கம் சார் பெய்யுது?"

"இல்லக்கா, ரொம்ப நாளா பாக்கி இருக்கேன்னு..."

"ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போட ஆள் இல்ல. அதானே? கேன்டீன்ல கழுவுற பொண்ணுக்குக்கூடத் தெரியும்."

மந்தார் நாக்கு நுனிவரை ஒரு பொய்யைக் கொண்டுவந்து, விழுங்கினான். "ஆமாக்கா. அதுக்குத்தான்."

"உங்க பரீட்சைக்கு வருஷா வருஷம் தேதி போட்டுப் பேப்பர்ல வருது. என் பரீட்சைக்குத் தேதி போட வேண்டிய ஆள் நீங்க. ஒம்பது மாசம் சார். என் மருமகள் இதுக்குள்ள புள்ளையே பெத்துட்டா."

"தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சா சரி. சும்மா வட்டத்தைக் கறுப்படிச்சுத் தர்றதா நினைப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வேண்டாம். நிஜமா வெக்கணும்."

நிஜமாகவே வைத்தான். நாற்பது பிராக்கெட்டுகளை மேஜையில் பரப்பி, அவற்றுக்குள் ஆறு கெட்டதைக் கலந்து ஒளித்தான். ஒன்றில் துளை மயிரிழை பெரிசு, இன்னொன்றில் ஓரத்தில் பிசிறு, அப்படி. அரை மணி நேரம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். பரீட்சை எழுதுகிறவனின் நெஞ்சு படபடப்பை அவன் அறிவான்; பரீட்சை வைப்பவனுக்கும் அது உண்டு என்பது புதிது. அவள் தவறினால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதைவிட, அவளுடைய ஒன்பது மாசத்தைத் தன் அவசரத்தில் கெடுத்தவன் என்ற பேரும் நிற்கும்.

ஷாலன் அவசரப்படவில்லை. துளை அளக்கும் கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டாள், விரலால் ஓரத்தைத் தடவினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். இருபத்தாறாவது நிமிஷம் கெட்டதைத் தனியாகத் தள்ளினாள்.

மந்தார் எண்ணினான். ஏழு.

"அக்கா, நான் கலந்தது ஆறுதான்." குரல் இறங்கிவிட்டது. நல்லதைக் கெட்டது என்றால் மதிப்பெண் போகும். அவன் தேர்விலும் அதே விதிதான்.

"ஆறு நீங்க கலந்தது. இது நீங்க கலக்காமலே வந்தது. மடிச்ச இடத்துல பாருங்க."

பார்த்தான். தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். மடிப்பின் உள்பக்கம் நூல் போல ஒரு விரிசல். போன வாரம் அவனே சோதித்து, அவனே கையெழுத்துப் போட்டு அனுப்பிய கூடையிலிருந்து எடுத்த பீஸ் அது. கூடை இன்னும் லாரி ஏறவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்தக் கையெழுத்தைப் போட்டபோது மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று யோசித்தான். ஏதோ ஒரு கணக்கில், ஏதோ ஒரு ரயில் ஏதோ ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது.

"உங்க வட்டத்துல கொஞ்சம் அழிக்கணும் போலிருக்கே சார்," என்றாள் ஷாலன். சிரிக்கவில்லை, ஆனால் கண் சிரித்தது.

கறுப்பு மார்க்கரை எடுத்து மீதிக் கால் பாகத்தை நிரப்பினான். கோடு கொஞ்சம் வெளியே வழிந்தது. "பரவால்ல, விடுங்க," என்றவள், பலகை முன்னால் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பிரஸ்ஸுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் கான்வில்கர் அறைக்குப் போனார்கள். மந்தார் முதலில் விரிசலைச் சொன்னான், கூடையைத் திரும்ப எடுத்து முழுக்கச் சோதித்ததைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தான். ஷாலன் அக்காவுக்கு முழு வட்டம், திட்டம் போர்டிலும் பதிவேட்டிலும் எழுதியாயிற்று, தான் இல்லாமல் மறு வேலை நடக்கும்.

கான்வில்கர் தேர்வுத் தாளைப் படித்தார். ஏழு என்ற எண்ணில் விரலை வைத்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ஞாயிறு விஷயம்... பார்ப்..."

"சார்," என்றாள் ஷாலன். "இவர் ஆகஸ்ட்லேருந்து கேக்கறார். நான் ஹோலிலேருந்து கேட்டு முந்தாநாள்தான் வாங்கினேன். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. போகலாம், கூடாது, ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுங்க. பாவம், இந்த மனுஷன் அதுக்குள்ள போர்டுல இன்னும் எதையாவது எழுதி வெச்சுடப் போறார்."

மந்தார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கான்வில்கர் பேனாவை மூடினார்.

"போ. ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு."