ஆளை மாற்றச் சொல்வேன்

மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி தயாராக இருந்தது. அழ வைத்துத்தான் அனுப்புவார்கள் போல. சுவரில் சூரியோதயப் படம், மூலையில் பிளாஸ்டிக் செடி. தஞ்சாவூரில் பச்சைக்கா பஞ்சம்? எதிரே மனநல ஆலோசகர் கயல்விழி. என் சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம். அந்தப் பெண்ணுக்கு வயதே முப்பது இருக்காது. ஒரத்தநாட்டுப் பக்கம் நான் கால்நடை ஆய்வாளர். என் நோயாளி ஒருவரும் வாய் திறந்து பேசியதில்லை. பார்த்தே நோயைக் கண்டுபிடிப்பேன். இவர்களுக்கோ எல்லாவற்றையும் நோயாளியே சொல்ல வேண்டும். இதற்கு ஒரு பட்டம், அதைச் சட்டம் போட்டு வேறு மாட்டியிருக்கிறார்கள்.

நான் வந்தது எனக்காக அல்ல. என் மகள் செம்மொழிக்குப் பத்து வயது. ஒரு வருஷமாகத் திக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் திக்குவதில்லை என்று டீச்சர் சொன்னதை நான் நம்பவில்லை. அவர்கள் எதைத்தான் ஒழுங்காகக் கவனித்தார்கள்? தேன், நாக்கில் வசம்பு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் என் மனைவி நீலாம்பாள்தான் இங்கே இழுத்து வந்தாள். கயல்விழி குழந்தையிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசினாள். பிறகு தாயையும் மகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"சார், நீங்க எப்படித் தூங்குறீங்க?"

"ஏம்மா, பேஷண்ட் நான் இல்ல."

"தெரியும் சார். சும்மா சொல்லுங்க."

சீக்கிரம் கிளம்பலாமே என்று எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து ஊர்கள் இரண்டுக்கு ஆள் போடவில்லை. ஆறு வருஷமாக மூன்றையும் நானே பார்க்கிறேன். போன் ஓயாது. கன்று மாட்டிக்கொண்டது என்பான், சினை நிற்கவில்லை என்பான், மாடு செத்தால் நான் கொன்றேன் என்பான். வயிறு எப்போதும் எரியும். கடித்துக் கடித்தே கடைவாய்ப் பல் இரண்டு உடைந்துவிட்டது. வீட்டில் டம்ளர் விழுந்தாலும் கத்துவேன். எவன்தான் கத்தவில்லை?

"ஆறு வருஷமா உங்க உடம்பு சண்டைக்கு நிக்கிற மாதிரியே நிக்குது சார். போன வச்சப்புறமும் அதுக்கு அடங்கத் தெரியல. மறுபடி பழக்கணும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாய்க்கா ஓரமா வண்டிய நிறுத்தி, பத்து நிமிஷம் மூச்ச மட்டும் கவனிங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்துகிறவன் எதற்கு நிறுத்துகிறான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"இதுக்கா படிச்சீங்க? இதெல்லாம் நாங்க மாட்டுக்கே பாக்குறோம்."

"மாட்டுக்கு என்ன பண்ணுவீங்க சார்?"

கேட்டாள் அல்லவா, பாடம் நடத்தினேன். "கொட்டாய்ல ஒருத்தன் ஓயாம அதட்டிக்கிட்டே இருந்தான்னா மாடு பால அடக்கிக்கும். சொரப்பு விடாது. அவன் வர்ற சத்தம் கேட்டாலே நடுங்கும். ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல. மாட்டுக்கு ஒண்ணுமில்லய்யா, மொதல்ல ஆள மாத்துன்னு சொல்..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. கயல்விழி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

"இங்க ஆள மாத்த முடியாது சார்" என்றாள். "வியாழக்கிழமை தோறும் வாங்க. எட்டு வாரம். நீங்க மட்டும் வந்தாப் போதும்."

எழுந்தேன். எட்டு வாரமாம். கதவைப் பாதி திறந்தபோது வெளியே ஒரு குழந்தை கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. அறுத்த வயலில் வாத்து மேய்த்தார்களாம், ஒரு வாத்து மட்டும் வரப்பேறிக் கோயிலுக்குள் போய்விட்டதாம், பூசாரி விளக்குமாற்றோடு துரத்தினாராம். பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். கெட்டிக்காரக் குழந்தை, யார் பெற்றதோ என்று எட்டிப் பார்த்தேன். செம்மொழி.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அந்த வாத்து திரும்பி பூ... பூ... பூ..."

பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கிறவனாம் நான். த்தூ.

அறைக்குள் பின்வாங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கைப்பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே அந்த அம்மாள், "அப்புறம்?" என்றாள்.