சுவாமிநாதன் அனுப்பிய கேசட்

கார் வாங்கியதிலிருந்து ஜெயராமுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று கை மாறிய மாருதிதான். ஆனால் அவன் பேசுவதைக் கேட்டால், நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறங்கியது என்று நம்பிவிடுவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை முன்சீட்டிலும் தங்கை மஹதியைப் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு மந்தைவெளியிலிருந்து கிளம்பினான். அடையாறில் ஒரு சிநேகிதர் வீட்டில் டிபன் என்று சொல்லியிருந்தான். டிபனுக்குப் போகிறவர்கள் எதற்குப் பாண்டி பஜார் வரை சுற்றிப்போய் மல்லிகைப்பூவும் ஆப்பிளும் வாங்க வேண்டும் என்று மஹதிக்குத் தோன்றாமலில்லை. கேட்கவில்லை. கணவன் இறந்துபோன இந்த இரண்டு வருஷமாக அண்ணாவும் மன்னியும்தான் அவளுக்கு எல்லாம்.

காரின் டேப் செட்டில், பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிவுசெய்து வாங்கிய சினிமாப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்பீக்கர் எப்படி அதிர்றது பாத்தியா?" என்று ஜெயராம் நிமிஷத்துக்கொரு தரம் கேட்டான்.

அந்த செட்டே மஹதியின் கணவன் சுவாமிநாதன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. "காரை நீர் வாங்கும் ஓய், செட்டு என்னுது" என்று ஜெயராமைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போனான். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை, பெட்டிதான் வந்தது.

கோட்டூர்புரம் பாலத்தில் கேசட்டின் ஒரு பக்கத்துக் கடைசிப் பாட்டு முடிந்தது. ஜெயராம் தினமும் முதல் பாட்டுக்குச் சுற்றிவிட்டுத்தான் போடுவான்; ஆபீஸ் போகிற இருபது நிமிஷத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் முழுசாக ஓடியதில்லை. இன்றைக்குப் பாண்டி பஜார் நெரிசலில் ஓடிவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு குரல், சுவாமிநாதனுடையது.

"...சரி, டேப் முடியப்போறது. மன்னி குடுத்தனுப்பின வடுமாங்கா தீந்துபோச்சுன்னு சொல்லு. உடம்பைப் பாத்துக்கோ. வச்சிட..."

டக்கென்று செட் தானாகவே பக்கம் மாறி, அடுத்த சினிமாப் பாட்டு ஆரம்பித்தது.

மஹதிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சுவாமிநாதன் அனுப்பிய கேசட்டை அண்ணா தனக்குச் சொல்லாமல் ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கிறானே என்று மனசு நிறைந்துபோயிற்று. பைத்தியக்காரி. ஜெயராமின் கை பாய்ந்துபோய் செட்டை அணைத்ததையும், மன்னியின் கழுத்து விறைத்ததையும் பார்த்த பிறகுதான் இது காப்பி இல்லையோ என்று அவளுக்கு உறைத்தது.

ஐ.எஸ்.டி. பேசினால் சம்பளத்தில் பாதி போய்விடும் என்று சுவாமிநாதன் ஒரு மணி நேரக் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். அவளோடு அவ்வளவு நேரம் யாரும் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. அவன் போன பிறகு, யாராவது தெரியாத்தனமாக அதன்மேல் பதிந்துவிடப் போகிறார்களே என்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஹேர்பின்னால் நெம்பி உடைத்தாள். அந்தப் பல் இல்லாவிட்டால் எந்த டேப்ரிக்கார்டரிலும் ரெக்கார்ட் பட்டன் இறங்காது; வேண்டுமென்றே ஓட்டையை ஒட்டி மூடினால்தான் இறங்கும். பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆவணியில் அவன் திவசத்தன்று எடுத்துக் கேட்டதுதான் கடைசி.

"அந்தக் கேசட்டை எடு அண்ணா."

"அடையாறு போயிடலாமே, அப்புறமா..."

"எடு."

வாங்கிப் பார்த்தாள். புது லேபிளின் ஓரத்தை உரித்ததும் அடியில் அவளுடைய கையெழுத்து. அவள் பல்லை உடைத்த இரண்டு ஓட்டைமேலும் செல்லோடேப். ஏனோதானோ என்று ஒட்டியதில்லை; கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, அழகாக ஒட்டியது. மேலே பாட்டைப் பதிந்தது போகக் கடைசியில் தப்பியதுதான் அந்த நாலு வரிக் குரல்.

"வெத்துக் கேசட்டுன்னு நெனச்சுக் கடையில குடுத்துட்டேன், மஹதி. தெரியாம நடந்துபோச்சு."

"இதை யாரு ஒட்டினா?"

ஜெயராம் வண்டியை ஓரங்கட்டினான்.

"நான்தான். தெரிஞ்சுதான் பண்ணினேன். இன்னும் எத்தனை நாளைக்கு அதையே கேட்டுண்டு உக்காந்திருப்பே? உனக்கு முப்பத்தொண்ணுதான் ஆறது. அடையாறுல இன்னிக்கு உன்னைப் பாக்கத்தான் வரச் சொல்லியிருக்கா. நல்ல மனுஷர், பேங்க்ல இருக்கார். அந்தக் குரல் ஆத்துல இருக்கிறவரைக்கும் நீ சரின்னு சொல்லவே மாட்டே."

கேட்டிருந்தால் அவள் யோசித்துக்கூடப் பார்த்திருப்பாள். யாரும் கேட்கவில்லையே! அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"பீரோ சாவி என்கிட்டன்னா இருக்கு?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. இன்னொரு சாவி இருந்தது. இந்த ஆத்தில் என்னுடையதென்று ஒளிக்க எதுவுமில்லை மன்னி என்று சொல்லி, அவளே மன்னி கையில் கொடுத்தது.

மன்னி திரும்பவில்லை. "நான்தான் எடுத்துக் குடுத்தேன். உன் நல்லதுக்குன்னு..."

"அப்படி என்ன பெரிசா இருந்தது அதுல?" ஜெயராமுக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம். "வெயிலு, மெஸ் சாப்பாடு, லீவு. நீ கொலுசு போட்டுண்டு மாடிப்படி ஏறற சத்தம் காதுலயே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

கொலுசு பற்றி மஹதி இந்த உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கேசட்டில் கொலுசுக்கு அப்புறம் அவன் என்னென்ன சொன்னான் என்று அவளுக்கு வரிக்கு வரி தெரியும்.

"கேட்டேளா?"

"அழிக்கறதுக்கு முன்னாடி..." என்றாள் மன்னி. "ஒரே ஒரு தடவைடி. ரெண்டு பேருமா உக்காந்து முழுக்கக் கேட்டோம். நானும் அழுதேன்."

மஹதி கதவைத் திறந்து இறங்கினாள். அண்ணா கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை. ஆவணியில் கேட்டதுதான் கடைசி என்றுதான் இத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. அவளுக்கென்று மட்டும் அவன் சொன்னதைக் கடைசியாகக் கேட்டவர்கள் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.