தேரைக்கு எத்தனை மரு?

நடிகர்களையும் தாசிகளையும் படமாக அச்சடிக்கக் கூடாது என்று ஆணை வந்ததும், ஜப்பானில் எங்கள் எடோ நகரத்து ஓவியர்கள் பூச்சி பொட்டுகளுக்குத் தாவிவிட்டார்கள். எங்கள் யசுபேய் ஒரு தேரையை வரைந்தார். நீதிபதியாக உட்கார்ந்து கொசுக்களுக்குத் தண்டனை விதிக்கும் தேரை. அச்சடிக்க அதை மரப்பலகையில் செதுக்கியவன் நான். மூன்றே நாளில் கடைகளில் ஒரு தாள் மிச்சமில்லை.

நாலாம் நாள் தணிக்கை அதிகாரி குராமோச்சி எங்களை நகர நீதிபதி முன்னால் இழுத்துப்போனார். குற்றம் உறுதியானால் ஐம்பது நாள் கைவிலங்கோடு வீட்டுக்காவல். கையைப் பூட்டிவிட்டால் யசுபேய் எதை வரைவார், நான் எதைச் செதுக்குவேன்?

நீதிமன்ற முற்றத்து வெள்ளைக் கூழாங்கல்லில் மண்டியிட்டோம். மேலே நீதிபதி. அகன்ற வாய், கழுத்தே கிடையாது. சத்தியமாக நான் சிரிக்கவில்லை.

"இந்தத் தேரை யாரு?"

"தேரைதாங்க எசமான்" என்றார் யசுபேய்.

"புளுகுறான் எசமான்!" என்று குராமோச்சி குதித்தார். "ஊரே சிரிக்குது. பாத்தாலே தெரியுது, அது அப்படியே..."

"அப்படியே?"

குராமோச்சிக்கு வியர்த்துவிட்டது. "அப்படியே... தேரை மாதிரிங்க."

நீதிபதி படத்தை வாங்கி மூக்கருகே பிடித்தார். தன் முகத்தைத் தடவித் தடவி எண்ணினார்.

"எனக்கு ஏழு மரு. இதுக்கு ஆறு. அப்ப இது நானில்ல. வழக்கு தள்ளுபடி. செதுக்கினவனும் சுத்த மோசம், ஏனோதானோன்னு வேலை பாத்திருக்கான். போங்க."

யசுபேய் என் தொடையைக் கிள்ளினார். கிள்ளி என்ன செய்ய? இருபது வருஷம் உளி பிடித்தவனைப் பார்த்து ஏனோதானோவாம்!

"ஏழு எசமான்! இடது கண்ணுக்குக் கீழ, புல்லுக்குப் பின்னால பாருங்க! அந்த ஒண்ணுக்கே அரை நாளாச்சு. யசுபேய் அண்ணன் உங்க ஊர்வலத்துக்கு மூணு தடவை வந்து எண்ணி வரைஞ்சது!" என்று கத்திவிட்டேன்.

நீதிபதி புல்லுக்குப் பின்னால் தேடினார். கண்டுபிடித்தார்.

"ஆமா, ஏழு" என்றார், கொஞ்சம் திருப்தியாகவே. பிறகு இரண்டு ஜோடி விலங்கு கொண்டுவரச் சொன்னார்.

விலங்கோடு வீட்டுக்கு நடந்தோம். பாலம் தாண்டியதும் யசுபேய் என் பக்கம் திரும்பினார்.

"ஆறுன்னே விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதாடா, ஹான்ஜி?"

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"ஆறு இல்லையேண்ணே" என்றேன்.