குடைந்த சக்கரம்

அந்தச் சீஸ் சக்கரத்தை வெட்டியபோது கடையில் இருந்தவர்கள்: முதலாளியம்மா, பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர், கல்லாப் பெண், மச்சான், காலாட்டி. சக்கரத்தையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் பேசியது அதுதான்.

காலாட்டி என்பது கடையில் விழுந்த பெயர். நின்றால் அவனுக்கு ஒரு கால் ஆடும், உட்கார்ந்தால் இரண்டும் ஆடும். பார்த்த வேலைகளும் அப்படித்தான். கிடங்கில் இரவு வேலை, செல்போன் பழுதுபார்ப்பு, ரொட்டி அடுமனை என்று எதிலும் நிலைக்கவில்லை. ஏதாவது ஒரு தப்பு நடக்கும். யாராவது கூப்பிட்டுக் கேட்பதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான். கடைசியில் இங்கே ஏற்கெனவே வேலை பார்த்த மச்சான், மனைவியின் அண்ணன்தான், கையைப் பிடித்து இழுக்காத குறையாக இந்தக் கடையில் கொண்டுவந்து சேர்த்தான்.

சீஸ், ஆலிவ் எண்ணெய், உலர்பழம், விதவிதமான வினிகர் விற்கும் கடை அது. பாட்டிலை எடுத்து விலையைப் பார்ப்பவர்கள், தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவர்களை மடக்கிப் பிடிப்பதில் காலாட்டி கெட்டிக்காரன். மெல்லிய ஒரு சீவலைக் கத்தி முனையில் நீட்டுவான். "சும்மா வாயில போட்டுப் பாருங்க, வாங்கணும்னு இல்லை" என்பான். வாயைத் திறந்தவர்களில் பையைத் திறக்காமல் போனவர்கள் குறைவு. ஆட்டுப்பால் சீஸ் எது, உப்புநீரில் கழுவியது எது, எதை எந்தப் பழத்தோடு தின்றால் எடுபடும் என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். அவனுக்கே ஆச்சரியம். முதல்முறையாக ஒரு வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.

முதலாளியம்மா இன்னொரு கடை திறக்கப்போகிறார். அங்கே சீஸ் மேடையைப் பார்த்துக்கொள்ள மச்சானா, காலாட்டியா என்பது அன்றைக்கு முடிவாக வேண்டும். ஓட்டலிலிருந்து வந்த சமையல்காரருக்குச் சக்கரம் பிடித்துவிட்டால் அவருடைய ஓட்டலுக்கே இனி இந்தக் கடைச் சீஸ்தான். புதுக் கடையின் பிழைப்பே அதை நம்பித்தான்.

காலையில் மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "அண்ணனுக்குக் கிடைச்சாலும் சந்தோஷம், உங்களுக்குக் கிடைச்சாலும் சந்தோஷம். ஆனா ரோஷப்பட்டு வேலையை விட்டுட்டு மட்டும் வந்து நிக்காதீங்க. அப்புறம் எங்கண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"யார் விடப்போறா?"

"உங்க காலைக் கேளுங்க, சொல்லும்."

சீஸ் வெட்டும் கம்பியின் இரண்டு பிடிகளையும் பற்றி முதலாளியம்மா அழுத்தினார். கம்பி மெல்ல இறங்கியது. சக்கரம் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வைக்கோல் நிறத்தில், நல்ல இறுக்கமாக இருந்தது. வாசனை எழுந்தது. ஓட்டல்காரர் குனிந்தார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சி பாதியில் நின்றது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல் தடிமனில் ஒரு பச்சைக்கோடு ஓடியது. பூஞ்சை.

"இன்னொரு தடவை வெட்டுங்க" என்றார்.

முதலாளியம்மா வெட்டினார். அங்கே இரண்டு கோடுகள், பென்சிலால் போட்டதுபோல் நேராக.

"இது தானா வந்தது இல்லைம்மா. யாரோ குழல்கம்பி விட்டிருக்காங்க. விட்டுட்டு ஓட்டையைச் சரியா அடைக்கலை, காத்து போயிருக்கு. கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஆள் யாரு இங்க?"

குழல்கம்பி என்பது பாதிக் குழலாக வளைந்த, கைப்பிடி வைத்த கம்பி. முதிர்கிற சக்கரத்தில் குத்தித் திருகி இழுத்தால் ஒரு குச்சி சீஸ் வரும். நுனியைக் கிள்ளி ருசி பார்த்துவிட்டு, மிச்சத்தை அதே ஓட்டையில் செருகி மேலே பூசி அடைக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு எப்போதாவது ஒருமுறை செய்கிற காரியம். அதையும் முதலாளியம்மா சொன்னால்தான்.

இப்போது முதலாளியம்மா மச்சானைப் பார்த்தார். சக்கரங்களை முதிரவைக்கும் குளிரறையின் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது. "உங்க பொறுப்புலதானே இருந்துச்சு?"

மச்சான் தரையைப் பார்த்தான். பெரிய உடம்பு, சின்ன வாய். கேட்டதற்கே பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொள்வான்.

குளிரறைக் கதவின் கொக்கி என்றைக்கோ கெட்டுவிட்டது. சாவி போட்டுப் பூட்டாவிட்டால் கதவு வாயைப் பிளந்துகொள்ளும், குளிரெல்லாம் வெளியே போய்விடும். ஆகவே சாயங்காலம் சக்கரங்களைப் புரட்டிப் போட ஒருவன் உள்ளே போவான், மற்றவன் வெளியிலிருந்து பூட்டுவான். முடித்ததும் தட்டினால் திறப்பான். உள்ளே போவது எப்போதும் காலாட்டிதான். மச்சானோ திறக்க வருவதற்குள் வாசலில் வாடிக்கையாளர் யாரிடமாவது மாட்டிக்கொள்வான். உள்ளே உட்கார நாற்காலி கிடையாது. பார்க்க ஜன்னல் கிடையாது. கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவனின் பையில் குழல்கம்பி இருந்தது. பழுத்துவிட்டதா என்று பார்த்தான். மறுநாளும் பார்த்தான். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்த்தான். மச்சானின் காலடி கேட்டதும் அவசரமாக அடைத்தான்.

மச்சானுக்கு இது தெரியாதா? கதவைத் திறக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையின் வாய் மென்றுகொண்டுதான் இருந்தது. தெரிந்தும் நிற்கிறான். வாயைத் திறந்தால் தங்கை புருஷன் மாட்டுவான், திறக்காவிட்டால் தன் பிழைப்பு போகும்.

காலாட்டிக்குக் கணக்குப் புரிந்தது. சும்மா நின்றால் போதும், பழி மச்சானுக்கு, புதுக் கடை தனக்கு. வாழ்நாளில் அவன் சும்மா நின்றதே இல்லை, இன்றைக்கு மட்டும் நின்றால் போதும். கால் ஆடியது. கல்லாப் பெண் அந்தக் காலையே பார்த்தாள்.

"நான்தாம்மா" என்றான். "மச்சான் இல்லை. நான்தான் குத்துனேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணலைம்மா."

ஓட்டல்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த சக்கரம் பழுக்கட்டும். யாரும் கை வைக்காம இருந்தா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலாட்டியின் உள்ளங்காலில் பழைய அரிப்பு எழுந்தது. கை தானாக ஏப்ரன் முடிச்சுக்குப் போனது.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் முதலாளியம்மா.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே..."

"நான் சொல்லாதது உன் காதுல எப்படி விழுது? புதுக் கடைக்கு உன் மச்சான் போகட்டும். அதுல பேச்சே இல்லை. ஆனா இதைப் பாழாக்கினது நீ. உதவாததை வெட்டி எறி. தின்னக்கூடியதை வித்துக் குடு. வர்றவங்ககிட்ட என்ன நடந்ததுன்னு சொல்லித்தான் விக்கணும்."

முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையிலேயே அவன் மேடைக்குப் பின்னால் போய் நின்றான். முதலில் வந்த அம்மாள் அவன் வெட்டி ஒதுக்கியிருந்த துண்டைப் பார்த்தாள்.

"இதென்னப்பா பச்சையா?"

"என் அவசரம்ங்க."

அவள் சிரித்தாள், ஆனால் வாங்கவில்லை. அடுத்து வந்தவர் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், பாத்திரத்தை மூடவே விடமாட்டான்" என்று கொஞ்சம் வாங்கிப்போனார். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி போய்விட்டது. தன் அவசரத்தையே சீவிச் சீவி நீட்டியதில் அவனுக்கு நாக்கு வறண்டது.

புரட்டும் நேரம் வந்தது. குளிரறை வாசலில் மச்சான் சாவியோடு நின்றான். வீட்டில் 'வாங்க மாப்பிள்ளை' என்பவன், கடையில் வேறு மாதிரி.

"வாடா மாப்ளே. கையை நீட்டு."

நீட்டினான்.

"பையையும் காட்டு."

காலாட்டி குழல்கம்பியை எடுத்துக் கொடுத்தான். மச்சான் அதை வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஏன் மச்சான் காலையில வாயையே திறக்கலை?"

"திறக்கலாம்னுதான் இருந்தேன். நீ முந்திக்கிட்ட. எதுலதான் நீ பொறுத்திருக்க?"

"என்னைக் காட்டிக் குடுத்திருப்பீங்களா?"

மச்சான் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "தெரியலைடா" என்றான்.

அந்தப் பதில் காலாட்டிக்கு எரிந்தது. ஆனால் பொய்யாகத் தோன்றவில்லை. கடை வாசல் பத்தடியில் திறந்துதான் கிடந்தது. வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கால் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பியது.

"தட்டுனா உடனே திறங்க மச்சான். இழுத்தடிக்காதீங்க."

"இழுத்தடிப்பேன்" என்றான் மச்சான்.

காலாட்டி உள்ளே போனான். அலமாரியில் அடுத்த சக்கரம், தோல் உடையாமல், வழவழவென்று உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் புரட்டிப் போட்டான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கக்கத்தில் செருகிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி முழுச்சுற்றுச் சுற்றிப் பூட்டியது.